கை பிடிக்கும் வேலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து ஒரு வரிக்குள் நிற்காது, மேலும் கீழும் ஓடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய ‘ற’, எந்த இடத்தில் சின்ன ‘ர’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பலமுறை ஆள் அனுப்பினார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை அச்சுக்குக் கொடுப்பவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அதில் பிழை இல்லை.

எழுத வைத்தது ஒரு கேள்விதான். எங்கள் பிரிவுக்கு இப்போது புதிய மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது. தொடையிலிருந்து ஒரு துண்டுத் தோலைக் கொழுப்போடு முழுதாக எடுத்து, அதன் ரத்தக் குழாயைக் கையில் உள்ள ரத்தக் குழாயோடு தலைமுடியை விட மெல்லிய நூலால் தைத்துவிடுகிறார்கள். நோயாளி சில நாட்களில் எழுந்து நடக்கிறார். போன மாதம் என் முதுகு வலிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, அங்கே மேல்படிப்புப் படிக்கும் டாக்டர் ஒருவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

“சேகர் அண்ணா, முன்னாடியெல்லாம் கையை இடுப்புல தைச்சு மூணு வாரம் படுக்க வைப்பீங்களாமே? எப்படிண்ணா படுத்திருந்தாங்க?”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இதோ, அந்தப் பதில்.

நான் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா சொன்னதால் போனேன். முதலில் வார்டு பெருக்கினேன், பிறகு ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குள் விட்டார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, பச்சைத் துணி விரித்த மேஜையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தியேட்டர் சிஸ்டர் ஒருவர் கண்ணாலேயே மிரட்டிக் கற்றுக்கொடுத்தார். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பயந்தேன், கற்றுக்கொண்டேன்.

நான் வேலை செய்தது போதனா மருத்துவமனை. மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் ஒரு புண்ணைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். முதலில் பல வருடங்கள் பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். குடலிறக்கம், குடல்வால், கட்டி, சீழ் என்று எல்லா ஊரிலும் வருவது எங்களுக்கும் வரும். எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு. பௌர்ணமி முடிந்தால் கால்கள் வரும். வெறுங்காலோடு மலையைச் சுற்றியவர்களின் கால்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கொப்புளம் வந்ததும் தெரியாது, உடைந்ததும் தெரியாது. பாயில் கறையைப் பார்த்து வீட்டில் யாராவது சொன்னால்தான் தெரியும்.

டிரஸ்ஸிங் அறையில் அந்தக் கால்களைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று தோன்றும். பிடித்துப் பார்த்தால் தெரியும். ஆடினால் கத்தி தவறும். இறுக்கினால் நோயாளி தன்னை அறியாமல் எதிர்ப்பக்கம் இழுப்பார். கையின் எடையையோ காலின் எடையையோ மட்டும் நாம் வாங்கிக்கொண்டு, அவர் தசை தூங்கும்படி பிடிக்க வேண்டும். எனக்கு அது வந்தது. பேச வராத எனக்கு அது வந்ததில் எனக்கே சந்தோஷம்.

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவின் தலைவர் ஒரு அம்மா. ஆஸ்பத்திரியில் யூனிட் தலைவரை எல்லோரும் சீஃப் என்றுதான் சொல்வோம். ஒருநாள் ஒரு கால் புண்ணைப் பார்க்க எங்கள் பிரிவுக்கு வந்தார். கால் என் கையில் இருந்தது. புண்ணைப் பார்த்து முடித்துவிட்டு என் கையைப் பார்த்தார். எங்கள் டாக்டரிடம், “இவரை எனக்குக் குடுத்துடுங்க” என்றார். கடையில் பொருள் கேட்பதுபோல் கேட்டார். மறு வாரமே நான் அவருடைய தியேட்டருக்கு மாறிவிட்டேன்.

சீஃப்பின் பாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஆளிடம் பேசமாட்டார், புண்ணிடம் பேசுவார். “உன்னை யாரு இவ்வளவு இறுக்கமா கட்டினாங்க?” என்று ஒரு கையிடம் கேட்பார், கட்டுப் போட்ட டாக்டர் பின்னால் நின்று வியர்ப்பார். வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போது நின்றுகொண்டு பேசமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நோயாளி அண்ணாந்து பார்த்துக்கொண்டு பேசக்கூடாது என்பது அவர் சட்டம். மாணவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், தைத்த தோலை முதலில் அவர்தான் தொடுவார். ஒரு விரலால் அழுத்துவார். அழுத்திய இடம் வெளுக்கும், பிறகு சிவப்பு திரும்பும். மெதுவாகத் திரும்பினால் நல்ல ரத்தம் போதவில்லை. சட்டென்று ஊதா நிறத்தில் திரும்பினால், போன ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. அந்த ஒரு விரலுக்காக வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி ஏழுமலை.

கிரிவலப் பாதையில் கரும்பு ஜூஸ் வண்டி வைத்திருந்தவர். முப்பது வயது இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் கொஞ்ச நாட்கள் இருந்த சமயம். கரும்போடு சேர்ந்து வலது கையும் உருளைக்குள் போய்விட்டது. அவர் மனைவி கோமதி உடனே மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றிக் கையை வெளியே எடுத்திருக்கிறாள். அவளே ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். கையைச் சுற்றியிருந்த துண்டில் ரத்தத்தோடு கரும்புச் சாறும் ஊறியிருந்தது. கழற்றிக் கீழே போட்ட துண்டில் கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்துவிட்டது. அதைப் பார்த்து மயங்கி விழுந்தது நோயாளி இல்லை, ஒரு மாணவர்.

அன்றைக்கே தியேட்டரில் உப்பு நீரால் கழுவிக் கழுவிக் கரும்புச் சக்கையைச் சிம்பு சிம்பாக எடுத்தார்கள். சுண்டு விரலையும் மோதிர விரலையும் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூன்று விரல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் புறங்கையில் தோல் இல்லை. கையுறையைக் கழற்றியதுபோல் உரிந்துபோய், வெள்ளை வெள்ளையாகத் தசைநார்கள் வெளியே தெரிந்தன. அவை காய்ந்தால் செத்துவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி வைத்தால் தசைநார் மேல் அது ஒட்டாது. சொந்த ரத்த ஓட்டத்தோடு கூடிய தடித்த தோல் வேண்டும். மைக்ராஸ்கோப் அன்று எங்களிடம் இல்லை. அடிவயிற்றின் பக்கவாட்டில், இடுப்பெலும்பை ஒட்டி ஒரு பட்டைத் தோலை மூன்று பக்கம் அறுத்துத் தூக்கி, நாலாவது பக்கத்தை உடம்போடு விட்டுவிட்டு, கையை அங்கே கொண்டுபோய்த் தைக்க வேண்டும். அந்தத் தோலை ஃபிளாப் என்போம். மூன்று வாரத்தில் கையிலிருந்து அதற்குள் புது ரத்தக் குழாய் வளரும். பிறகு உடம்போடு இருக்கும் பக்கத்தையும் வெட்டிவிடலாம். அதுவரை கை இடுப்போடுதான்.

சீஃப் ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது கோமதி இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பிளாஸ்டிக்னு சொல்றாங்களே மேடம். அடுப்பாண்ட நின்னா உருகாதுங்களா?”

“பிளாஸ்டிக் எதுவும் வைக்கமாட்டோம்மா. அவர் தோலையேதான் அவருக்கு வைக்கிறோம்.”

“அப்போ சரி. அவர் தோலு நல்லா தடிப்புதான். இன்னா சொன்னாலும் உறைக்காது.”

எதிர்ப் படுக்கையில் இருந்த பாஷா பாய் சிரித்தார். ஊருக்குள் தலைமுறை தலைமுறையாக வளையல் கடை வைத்திருக்கும் குடும்பம். சர்க்கரைப் புண்ணுக்காக ஒரு காலைக் கட்டித் தூக்கித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். திரும்பிப் படுக்க முடியாது. அதனால் நேர் எதிரே என்ன நடந்தாலும் அதைத்தான் பார்த்தாக வேண்டும். அவர் எதிரே இருந்தது ஏழுமலையின் படுக்கை.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. “மூணு வாரம் இப்படியே கெடக்கணும்னா வேணாம் மேடம். கையை எடுத்துடுங்க. ஒத்தக் கையில ஜூஸ் போடுறவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும். அவங்க பொழைக்கலையா?”

கோமதி திரும்பினாள். “அப்போ மூணாவதா நீ போய் நிக்கப் போறியா? போ. போய் வரிசையில நில்லு.”

சீஃப் அவருடைய நல்ல கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். “இந்தக் கையில என்ன செஞ்சாலும் இந்த ரெண்டும்தான் வேலை செய்யுது. அந்தக் கையிலயும் இது ரெண்டும் இருக்கு, நடுவிரலும் இருக்கு. நடுவுல மூடுறதுக்குத் தோல் இல்லை, அவ்வளவுதான். எடுக்கணும்னா நாளைக்கே எடுத்துடலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க என்னால முடியாது. யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தது கோமதி. சாயங்காலமே ஏழுமலை சரி என்றார்.

அந்த ஆபரேஷனை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரிசையாகப் பார்ப்பேன். மயக்கம் கொடுத்த பிறகு சீஃப் ஒரு வெள்ளைத் துணியைப் புறங்கையின் மேல் வைத்து, பள்ளத்தையும் ஓரத்தையும் தடவி, சட்டைக்கு அளவெடுப்பதுபோல் வெட்டினார். வெட்டிய துணியை இடுப்பில் வைத்தார். பிறகு கையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். கை எந்தக் கோணத்தில் வரும், முழங்கை எங்கே மடங்கும், நோயாளி இருமினால் எந்தப் பக்கம் இழுபடும் என்று துணியைத் திருப்பித் திருப்பி வைத்தார். கத்தி எடுக்கும் நேரத்தை விட இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அவசரப்படும் மாணவர்களிடம், “துணியில தப்பு பண்ணா வேற துணி இருக்கு” என்பார்.

பிறகு ஊதா மையால் கோடு. கோட்டின் மேல் கத்தி. இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தோல் பட்டை எழுந்து வந்தது. அடியில் மஞ்சள் கொழுப்பு, ஓரத்தில் சிவப்பாக ரத்தக் கசிவு. அந்தக் கசிவைப் பார்த்ததும் சீஃப், “நல்லா இருக்கியே” என்றார் அதனிடம். உடம்போடு இருந்த பகுதியை ஒரு குழாய்போல் சுருட்டித் தைத்தார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து இடுப்பை மடக்கி, தோல் எடுத்த இடத்தை இழுத்து மூடினார். அதற்குப் பிறகு என் வேலை ஆரம்பித்தது.

“சேகர், பிடிங்க.”

நான் முழங்கையையும் மணிக்கட்டுக்கு மேலேயும் பிடித்தேன். புறங்கைக்கும் ஃபிளாப்புக்கும் நடுவில் ஊசி போகப் போக, நூலுக்கு இழுப்பே வரக்கூடாது. சுற்றிச் சுற்றித் தைத்து முடியும் வரை நான் அசையவில்லை. மூக்கு அரித்தது, விட்டுவிட்டேன். தைத்து முடித்ததும் அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் பஞ்சு வைத்து, அகலமான ஒட்டும் பட்டையால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டினோம். ஃபிளாப் தெரியும்படி ஒரு ஜன்னல் மட்டும் விட்டோம். மயக்கம் தெளியும்போது எந்த நோயாளியும் முதலில் கையைத்தான் உதறுவார். அப்போது நான் அவர் மேல் சாய்ந்து, கையை என் நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். ஏழுமலையும் உதறினார். என் நெஞ்சில் முட்டியதே தவிர கை நகரவில்லை.

வார்டில் ஒரு வாரம் நன்றாகப் போனது. ஒரு கை எப்போதும் இடுப்பில். கோமதி ஊட்டிவிடுவாள். “கட்சித் தலைவரு மாதிரி இடுப்புல கை வச்சிக்கினு போஸ் குடுக்கிறத பாரு” என்பாள். “ஏழுமலை, போஸ்டர் அடிச்சிடலாமா? என் கடை செவுத்துல இடம் ஜாஸ்தி இருக்குது” என்பார் பாஷா பாய். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோல் ரோஸ் நிறமாக இருந்தது. பட்டைக்கு அடியில் உடம்பு கொப்புளித்ததால் சீஃப் அதைத் தளர்த்தச் சொன்னார். ஒரு வாரம் ஆனால் நோயாளிக்கே பழகிவிடும், கை தானாக அங்கேயே இருக்கும் என்பது எல்லோருடைய அனுபவம். தூங்கும்போதுகூட அசையாது.

தீபத்தன்று சாயங்காலம்.

எங்கள் வார்டின் ஜன்னல்கள் மலையைப் பார்த்து இருக்கும். மலை உச்சியில் தீபம் ஏற்றும் நேரத்தில் வார்டு விளக்குகளை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். அணைத்தால்தான் உச்சி தெரியும். நடக்க முடிந்தவர்கள் ஜன்னலுக்குப் போவார்கள். முடியாதவர்களின் கட்டிலை நாங்கள் திருப்பி வைப்போம். ஏழுமலையின் கட்டிலையும் திருப்பி, முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். அவர் பிறந்ததிலிருந்து ஒரு தீபமும் பார்க்காமல் விட்டதில்லை.

சிஸ்டர் சுவிட்சை அணைத்தார். எல்லோரும் இருட்டில் காத்திருந்தோம். உச்சியில் முதலில் ஒரு பொட்டு, பிறகு சுடர். “அண்ணாமலைக்கு அரோகரா!” என்று வார்டு முழுக்கக் குரல். வெளியே ரோட்டிலிருந்தும் குரல். கைகள் எல்லாம் தலைக்கு மேல். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சுடரைக் கண்டால் இரண்டு கையும் தானாக மேலே போகும். யாரும் சொல்லித் தருவதில்லை. என் கையும் மேலே இருந்தது.

“ஏய்! கை! கை! அவன் கையைப் பாருங்கடா!”

பாஷா பாயின் குரல். கால் கட்டித் தொங்குவதால் அவர் கட்டிலை மட்டும் மலைப்பக்கம் திருப்ப முடியாது. இருட்டில் எதிரே வெள்ளையாக ஒன்று அசைவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். சிஸ்டர் விளக்கைப் போட்டார். ஏழுமலையின் இடது கை தலைக்கு மேலே இருந்தது. வலது முழங்கை பட்டையிலிருந்து பிதுங்கி வெளியே வந்திருந்தது. மணிக்கட்டுப் பக்கம் தையல் பிய்ந்து ரத்தம் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வலி அப்போதுதான் தெரிந்தது. “கோமதீ” என்றார்.

அவள் பாய்ந்து முழங்கையைப் பிடித்து உடம்போடு அழுத்தினாள். நான் மணிக்கட்டைத் தாங்கினேன். பட்டையில் விட்டிருந்த ஜன்னல் வழியாகத் தெரிந்த ஃபிளாப்பின் நிறம் எங்கள் கண்ணெதிரே மாறியது. ரோஸ் போய், நாவல்பழத்தின் நிறம் வந்தது.

சிஸ்டர் போன் போட்டார். தீபத்தன்று லட்சக்கணக்கில் கூட்டம் நிற்கும் ஊரில் போன் எங்கே கிடைக்கும்? சீஃப் கீழே அவசரப் பிரிவில் இருப்பது எனக்குத் தெரியும். மணிக்கட்டை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அங்கே நெரிசலில் விழுந்தவர்கள், கற்பூரத்தில் சுட்டுக்கொண்டவர்கள், அவர்களின் சொந்தக்காரர்கள் என்று நுழைய இடமில்லை. சீஃப்பின் தலை தூரத்தில் தெரிந்தது. நான் அதுவரை ஆஸ்பத்திரியில் யாரையும் கூப்பிட்டதில்லை; பக்கத்தில் போய் நிற்பேன், அவர்களே பார்ப்பார்கள். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், “மேடம்! ஏழுமலை கை!” என்று கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிதா என்று எனக்கே தெரியாது. கூட்டம் வழி விட்டது.

சீஃப் ஓடவில்லை. வேகமாக நடந்து வந்தார், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார், விரலால் அழுத்தினார். அழுத்தியதை எடுக்கும் முன்னே ஊதா திரும்பிவிட்டது.

“என்ன, கோபமா?” என்று ஃபிளாப்பிடம் கேட்டார்.

ஏழுமலை அழுதுகொண்டிருந்தார். “சாமிக்குத்தான் மேடம் தூக்கினேன். சாமி கும்பிட்டதுக்கா இப்படி?”

“சாமி உன்கிட்ட ஒரு கைதான் கேட்டுச்சு. நீதான் ரெண்டையும் குடுத்துட்ட. இப்ப அசையாம இரு, ஒண்ணை வாங்கித் தரேன்.”

தியேட்டருக்குக் கொண்டுபோகும் வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே கட்டிலில் பச்சைத் துணி விரித்து, மேலே விளக்கைப் பிடிக்கச் சொல்லி, ஓரத்தில் நாலைந்து தையல்களை வெட்டினார். உள்ளே ஈரல் துண்டுபோல் ரத்தக் கட்டி இருந்தது. அதுதான் உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. சின்ன இடுக்கியால் மெதுவாக எடுத்தார், வெதுவெதுப்பான உப்பு நீர் விட்டுக் கழுவினார். முறுக்கிக்கொண்டிருந்த குழாய்ப் பகுதியை நேராக்கினார். கசிந்துகொண்டிருந்த ஒரு சின்ன ரத்தக் குழாயைக் கட்டினார். பிறகு ஊசி முனையால் ஃபிளாப்பின் ஓரத்தில் ஒரு குத்து. கறுப்பாக ரத்தம் வந்தது. துடைத்தார். மீண்டும் கறுப்பு. துடைத்தார். வெளியே ரோட்டில் அரோகராச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு முறை துடைத்தார். அந்த முறை வந்தது சிவப்பு.

“ம்” என்றார் சீஃப். அவருடைய பெரிய பாராட்டே அந்த ‘ம்’தான்.

இனி பட்டை கட்டக்கூடாது, எந்த அழுத்தமும் படக்கூடாது, ஆனால் கை ஒரு நூல்கூட நகரக்கூடாது என்றார். அப்படியென்றால் ஆள்தான் பிடிக்க வேண்டும். “சேகர், நீங்க பிடிங்க” என்றார். பிடித்தேன். நானும் கோமதியும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஏழுமலை தூங்கினார். பாஷா பாய் தூங்கவில்லை. “சிவப்பா இருக்குதா? கம்மியாயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “பாய், நீங்க தூங்குங்க. ஒங்க கண்ணு பட்டே கறுத்துடும்” என்றாள் கோமதி. “என் கண்ணு படலைன்னா ஒன் புருஷனுக்குக் கையே இருந்திருக்காது, தெரிஞ்சிக்க” என்றார் அவர். அவள் எழுந்துபோய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “புண்ணு கால்மா அது, நல்ல காலைத் தொடு” என்றார் பாய்.

மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் யாரையும் திட்டவில்லை. புண்ணிடமும் பேசவில்லை. சிஸ்டர் தயங்கிக்கொண்டு, “இனிமே விளக்கை அணைக்கவேண்டாம்னு சொல்லிடுறேன் மேடம்” என்றார். சீஃப் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு, “வேண்டாம். ஊர் வழக்கம் இருக்கட்டும். அணைக்கிறதுக்கு முன்னாடி கை தைச்சவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு ஆள் உட்கார்ந்து பிடிச்சுக்கணும். அந்த ஆள் மலையைப் பார்க்கக்கூடாது” என்றார்.

அன்றிலிருந்து அது வார்டு சட்டம். அதன் பிறகு நான் வேலையில் இருந்த ஒவ்வொரு தீபத்துக்கும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யாராவது ஒருவரின் கையைப் பிடித்திருந்தேன். அரோகராச் சத்தம் எழும்போது என் பிடிக்குள் அந்தக் கை துள்ளும். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு கையும் துள்ளியது. ஒன்றைக்கூட நான் மேலே விட்டதில்லை.

ஏழுமலையின் ஃபிளாப்பில் ஒரு மூலை மட்டும் கறுத்து உதிர்ந்தது. அந்த இடத்தில் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். மூன்று வாரத்தில் பிரிக்க வேண்டியதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார் சீஃப். பிரிப்பதற்கு முன்பு, உடம்போடு இருந்த குழாய்ப் பகுதியை மெல்லிய ரப்பர் குழாயால் கட்டிப் பார்ப்போம். இடுப்பிலிருந்து வரும் ரத்தத்தை நிறுத்தினாலும் தோல் சிவப்பாகவே இருந்தால், கை தானே அதற்குச் சோறு போட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கட்டினார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். சிவப்பாகவே இருந்தது. மறுநாள் வெட்டிப் பிரித்தார்கள். ஏழுமலை கையைத் தூக்கவே பயந்தார். தோள் இறுகிப்போயிருந்தது. புறங்கை உப்பிப் பன் மாதிரி இருந்தது. வயிற்றுத் தோல் என்பதால் அதில் முடியும் இருந்தது. “கைக்குத் தொப்பை வந்துடுச்சு” என்றாள் கோமதி.

தோல் பிழைத்தது சரி, கை வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. தசைநார்கள் ஒட்டிப்போயிருந்தால் அழகான ஒரு கட்டையைத்தான் காப்பாற்றியிருப்போம். பயிற்சி கொடுக்கும் அறைக்கு ஏழுமலை தினமும் வந்தார். பல வாரங்கள் எதுவும் நகரவில்லை. கோமதியின் கேலி குறைந்துவிட்டது. ஒருநாள் வராந்தாவில் என்னைப் பார்த்து, “அண்ணா, நான்தான் அவரைச் சம்மதிக்க வச்சேன். எடுத்திருந்தா இத்தினி வலி இருந்திருக்காது இல்ல?” என்று கேட்டாள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழுமலையின் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. “சூடு இருக்குதும்மா” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் வந்தார்கள். சீஃப் ஸ்டூலில் உட்கார்ந்து தன் ஆள்காட்டி விரலை நீட்டினார்.

“பிடி.”

ஏழுமலை பல்லைக் கடித்தார். முகம் சிவந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டை விரல் மெதுவாக நகர்ந்து வந்தது. அதற்கு எதிரே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வளைந்தன. சீஃப்பின் விரல் உள்ளே போய்விட்டது. சீஃப் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“ம்” என்றார்.

கோமதி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாணவர்கள் கைதட்டினார்கள்.

“சரி, விடு” என்றார் சீஃப்.

ஏழுமலை முயன்றார். விரல்கள் திறக்கவில்லை. மூடக் கற்றுக்கொண்ட கைக்குத் திறக்க இன்னும் தெரியவில்லை. புறங்கைப் பக்கத் தசைநார்தான் அதிகம் அடிபட்டது. அவருக்கு வியர்த்துவிட்டது. “மேடம், வரமாட்டேங்குது மேடம். தப்பா நினைச்சுக்காதீங்க.”

“யோவ், விடுய்யா டாக்டர் அம்மாவை!” என்றாள் கோமதி, அழுதுகொண்டே சிரித்து.

நான் அவர் விரல்களைப் பிரித்துவிட முன்னால் போனேன். சீஃப் தலையை ஆட்டி என்னை நிறுத்தினார். “அவசரம் இல்லை சேகர். அவரே விடட்டும்” என்றார். விரலை அப்படியே அவரிடம் விட்டுவிட்டு, மற்றொரு கையை நீட்டி, “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க” என்றார்.

வேங்கிக்கால்,
ஆடி மாதம், பௌர்ணமி கழிந்த வியாழக்கிழமை.